புண்ணின் ஆழம் அறிதல்: 'மிஸ்பார்' கடந்து வந்த பாதை

அரபு மொழியில் 'ஸபர' என்றொரு வினைச்சொல் உண்டு. காயம் எவ்வளவு ஆழமானது என்பதை அளந்து அறிவதே அதன் பொருள் என்று, ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) மறைந்த இப்னு மன்ளூர் தமது 'லிஸானுல் அரப்' பேரகராதியில் விளக்கம் தருகிறார். அவ்வாறு அளக்கப் பயன்படும் கருவிக்கு 'மிஸ்பார்' என்று பெயர். பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' வேறு. அது 'ஸாத்' எழுத்தில் தொடங்குவது. நாம் இங்கே பேசும் 'ஸப்ர்' 'ஸீன்' எழுத்தில் தொடங்குவது. தமிழ் எழுத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

2020ஆம் ஆண்டில் ஐக்கிய அரபு அமீரகம் செவ்வாய்க் கோளை நோக்கி அனுப்பிய விண்கலத்திற்கு 'மிஸ்பாருல் அமல்' என்று பெயரிட்டார்கள். இன்றைய அரபு மருத்துவ எழுத்துகளில், நோயாளியின் தோல்மீது வைத்து மீயொலியை உள்ளே செலுத்தும் அல்ட்ராசவுண்ட் கைக்கருவிக்கும் 'மிஸ்பார்' என்னும் பெயர் வழங்குகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எஃகிலும் வெள்ளியிலும் செய்யப்பட்ட மெல்லிய கம்பிக்கு உரிய பெயர், ஒலியால் உள்ளுறுப்பைத் துழாவும் கருவிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெயர் மட்டுமா வந்து சேர்ந்தது? அந்தக் கம்பியைக் கையிலெடுத்த மருத்துவர் கேட்ட கேள்வியும் உடன் வந்திருக்கிறதா? இதுவே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது.

இரு நோய்கள், ஒரே தோற்றம்

உடலின் ஓரிடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. மருத்துவரிடம் வரும் மிகப் பழைய முறையீடுகளில் இதுவும் ஒன்று. இதற்குள் இரண்டு வேறுபட்ட நிலைகள் ஒளிந்திருக்கக்கூடும். முதலாவது, தோலுக்கடியிலுள்ள திசுக்களில் கிருமித்தொற்று பரவி நிற்கும் அழற்சி. இன்றைய மருத்துவர்கள் இதனைச் செல்லுலைட்டிஸ் என்பார்கள். இரண்டாவது, தொற்று ஓரிடத்தில் திரண்டு, சீழாகி, தனக்கென ஒரு சுவரும் கட்டிக்கொண்ட சீழ்க்கட்டி. முன்னதற்கு மருந்து போதும். கத்தி வைத்தால் வீண் காயமே மிஞ்சும். பின்னதில் இரத்த ஓட்டம் இல்லாத சீழுக்குள் மருந்து போதிய அளவு சென்று சேர்வதில்லை. கீறிச் சீழை வெளியேற்றினால்தான் குணம் கிட்டும். இரண்டும் வெளிப்பார்வைக்குப் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல். இவையன்றி, நிணநீர்க் கணு வீங்கியிருக்கலாம். இரத்தக் குழாயே புடைத்திருக்கலாம். அதன்மேல் கத்தி பட்டால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குர்துபாவின் அறுவை மருத்துவர்

அந்த விளைவைத் தாம் கண்ட ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஹிஜ்ரி 325இல் (கி.பி. 936) கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் குர்துபாவுக்கு அருகே எழுப்பத் தொடங்கிய அரண்மனை நகரம் மதீனத்துஸ் ஸஹ்ரா. அந்நகரின் பெயரால் அறியப்பட்டவர் அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவீ. கி.பி. 1013ஐ ஒட்டி மறைந்தவர். 'அத்தஸ்ரீஃப்' எனச் சுருக்கமாக வழங்கும் அவரது பெருநூல் முப்பது மகாலாக்களைக் கொண்டது. முப்பதாவது மகாலா அறுவை மருத்துவத்திற்கே உரியது. சூடிடுதல் ஒரு பாகம், கீறுதலும் துளையிடுதலும் ஒரு பாகம், எலும்பு பொருத்துதல் ஒரு பாகம் என மூன்றாக அதனை அவர் வகுத்தார். ஏறத்தாழ இருநூறு கருவிகளின் உருவங்களையும் வரைந்து காட்டினார்.

அந்த மகாலாவின் முன்னுரையில், தம் நாட்டில் கைத்திறன் மருத்துவம் தேய்ந்து போனதற்காக அவர் வருந்துகிறார். உடற்கூறு அறியாதவன் கத்தியைத் தொட்டால் உயிரைக் கொல்வான் என்று எச்சரிக்கிறார். இதற்குச் சான்றாக அவர் சொல்லும் நிகழ்ச்சிகளுள் ஒன்று நம் பொருளுக்கு நேராக வந்து நிற்கிறது. ஒரு பெண்ணின் கழுத்தில் கண்டமாலை வீக்கம் இருந்தது. அறியாத மருத்துவர் ஒருவர் அதைக் கீறினார். கழுத்தின் தமனிகள் அறுந்தன. இரத்தம் பெருகி அப்பெண் அவர் முன்னாலேயே விழுந்து இறந்தாள். இதைத் தாமே கண்டதாக ஸஹ்ராவீ பதிவு செய்கிறார். அந்த மருத்துவரின் பெயரை அவர் எழுதவில்லை. அவன் செய்த பிழையை மட்டும் பின்வரும் மாணவர்களுக்கு விட்டுச் சென்றார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சீழ்க்கட்டிகளைக் கீறுவது பற்றிய அவரது பகுதியைப் படித்தால், ஒவ்வொரு வரியிலும் எச்சரிக்கை தெரியும். பொதுவாகக் கட்டி பழுக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் மூட்டுக்கு அருகிலுள்ள கட்டியை முழுமையாகப் பழுக்கவிடக் கூடாது. சீழ் தேங்கினால் அங்குள்ள தசைநார்களும் நரம்புகளும் கெட்டுப்போகும். பெரிய கட்டியின் சீழை ஒரே தடவையில் முழுதும் வெளியேற்றலாகாது. நோயாளி மெலிந்தவராகவோ முதியவராகவோ இருந்தால் உயிராற்றலே சீழோடு சேர்ந்து போய்விடக்கூடும். இக்கருத்துகளில் சிலவற்றை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் ஒரே விதியை எல்லா உடல்மீதும் சுமத்தாமல், இடத்தையும் ஆளையும் பார்த்து முடிவு செய்யும் அவரது முறை இன்றும் செல்லும்.

கட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை முன்னரே அறிவதற்கென 'மிதஸ்' எனப்படும் கூரிய எஃகுக் கருவியை அவர் படமாகவே வரைந்து தருகிறார். புண்களின், புரைகளின் ஆழத்தைத் துழாவும் மெல்லிய கம்பிகளும் அங்கே உண்டு. கீறும் வேளையில் நோயாளி கண்டு அஞ்சாதவாறு விரல்களுக்கிடையே மறைத்துக்கொள்ளத்தக்க சிறு கத்திகளும் உண்டு. இரத்தக் குழாய்ப் புடைப்புக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, விரலால் அழுத்தும்போது உணரப்படும் ஒலியைக்கொண்டு அதை அறியலாம் என்றும், அக்குள், தொடையிடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் அத்தகைய புடைப்பைக் கீறுவது பிழை என்றும் வலியுறுத்துகிறார்.

பலர் தொட்ட ஏடு

இங்கே நாம் ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸஹ்ராவீயின் அறுவை அறிவில் பெரும்பகுதி, ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் பவுலுஸ் எழுதிய நூலிலிருந்து வந்தது. அந்த நூலையும் ஜாலீனூஸ், இப்புக்ராத் ஆகியோரின் நூல்களையும் அரபுக்குக் கொண்டுவந்த பணியில் முன்னின்றவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவ அறிஞர். இப்னு ஸீனா (கி.பி. 980-1037) தமது 'அல்கானூன்' நூலின் நான்காம் பாகத்தில் வீக்கங்களை வகைப்படுத்தும்போது, 'ஃபல்கமூனீ' என்ற கிரேக்கச் சொல்லையே எடுத்தாளுகிறார். அதனின்றும் வேறான, மேல்தோலில் படரும் செவ்வீக்கத்திற்கு 'ஹும்ரா' என்று அரபுப் பெயர் தருகிறார். சீழ் உருவாகிக்கொண்டிருக்கும்போது காய்ச்சலும் வலியும் மிகும், உருவான பின் தணியும் என்ற இப்புக்ராத்தின் கருத்து அரபு மருத்துவர் அனைவருக்கும் பாடமாயிற்று. கரக் நகரில் பிறந்த கிறிஸ்தவரான இப்னுல் குஃப் (கி.பி. 1233-1286) அறுவை மருத்துவத்திற்கென்றே 'அல்உம்தா' என்னும் நூலை இருபது மகாலாக்களில் அரபியில் எழுதினார்.

இந்த ஏடு பின்னர் மேற்கே சென்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலைதோவில் கிரேமோனா நகரத்து ஜெரார்டு, ஸஹ்ராவீயின் அறுவைப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். 1363இல் நிறைவுற்ற தமது பெருநூலில் பிரெஞ்சு மருத்துவர் கி டெ ஷோலியாக் அவரைப் பல இடங்களில் மேற்கோள் காட்டினார். 1465இல் அனத்தோலியாவின் அமாஸ்யா மருத்துவமனையைச் சேர்ந்த ஷரஃபுத்தீன் ஸாபூன்ஜூ ஓக்லூ அதைத் துருக்கியில் தழுவி எழுதி, மருத்துவர் நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் காட்சிகளையே ஓவியமாகச் சேர்த்தார்.

விரலிலிருந்து ஒலிக்கு

இத்தனை நூற்றாண்டுகளிலும் சீழைக் கண்டறிய மருத்துவரிடம் இருந்த முதன்மையான கருவி விரல்தான். இரு விரல்களை வைத்து, ஒன்றால் அழுத்தினால் மற்றொன்றில் ததும்பல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் உள்ளே நீர்மம் உண்டு. கட்டி மேலாகவும் முதிர்ந்தும் இருந்தால் இது நன்றாகவே வழிகாட்டும். ஆழத்தில் இருந்தாலோ, மேலே திசு வீங்கித் தடித்திருந்தாலோ விரல் ஏமாந்துவிடும். மிதஸ் ஏமாறாது, ஆனால் அது தானே ஒரு காயத்தை உண்டாக்கும்.

காயமின்றி உள்ளே அறிய ஒலி உதவும் என்பதை மருத்துவ உலகுக்குக் காட்டியவர் ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் அவுன்பிருக்கர். விடுதி நடத்தியவரின் மகன் அவர். 1761இல் வெளியிட்ட சிறு நூலில், மார்பை விரலால் தட்டி எழும் ஓசையைக்கொண்டு உள்ளே நீர் கோத்திருப்பதை அறியலாம் என்றார். 1880இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். அதன் மறுதலையாக, மின்சாரத்தால் படிகத்தை அதிரச் செய்து ஒலியெழுப்பவும் முடிந்தது. முதல் உலகப் போரின்போது பால் லான்ழ்வேன் இதனைக்கொண்டு கடலடியில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் கருவியை உருவாக்கினார். பின்னர் உலோகத்தில் மறைந்துள்ள விரிசலைக் காணத் தொழிற்சாலைகள் இதே உத்தியைக் கையாண்டன.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பெண்நோய் மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்டு, 1955இல் அத்தகைய தொழிற்சாலைக் கருவி ஒன்றின்மீது, அறுத்தெடுத்த கட்டிகளை வைத்துச் சோதித்தார். திடமான கட்டி ஒருவிதமாகவும் நீர் நிறைந்த கட்டி வேறுவிதமாகவும் எதிரொலி தந்தன. வயிற்றில் குணப்படுத்த இயலாத புற்றுநோய் எனக் கருதப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது நீர்க்கட்டியே என்பது இம்முறையில் தெரியவந்து, அறுவையால் அவர் நலம் பெற்றார். 1958இல் 'லான்செட்' இதழில் டொனால்டும் அவருடைய தோழர்கள் மெக்விகர், பிரௌன் ஆகியோரும் இதை வெளியிட்டனர். கத்தி வைப்பதற்கு முன், உள்ளே இருப்பது திடமா நீர்மமா என்ற கேள்வி, குர்துபாவில் மிதஸைக் கையிலெடுத்தவரின் கேள்வியேதான்.

நோயாளியின் படுக்கையருகே

தொடக்கத்தில் இக்கருவி பெரியதாக இருந்தது. தனி அறையில் தனித் துறையினர் இயக்குவதாக இருந்தது. 1990களில் அது சிறுத்து, அவசர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் கைக்கே வந்தது. விபத்தில் சிக்கியவரின் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதில் தொடங்கி, மெல்ல மென்திசுத் தொற்றுகளுக்கும் பயன்படலாயிற்று. இதற்கு ஒரு காலக் கட்டாயமும் இருந்தது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வெளியே பரவியது. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் 11 நகரங்களின் அவசரப் பிரிவுகளில் சீழ்த்தொற்றுடன் வந்தவர்களை ஆராய்ந்தபோது, 59 விழுக்காட்டினரிடம் இக்கிருமி காணப்பட்டது. மருந்தை மட்டும் நம்பிச் சீழை உள்ளேயே விட்டுவிடுவதன் ஆபத்து அதிகமாயிற்று.

செய்முறை எளிது. மனிதச் செவி நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுகள் வரையே கேட்கும். தோலடித் திசுவைப் பார்க்க நொடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி அதிர்வுகள் கொண்ட ஒலி செலுத்தப்படுகிறது. அதிர்வு கூடினால் படம் நுணுக்கமாகும். ஆனால் ஆழம் குறையும். பரவிய அழற்சியில், கொழுப்புத் திரள்களுக்கு இடையே நீர் புகுந்து, கூழாங்கல் பாவிய தெருவைப் போன்ற காட்சி திரையில் தோன்றும். சீழ்க்கட்டி கரிய குளம்போல் தெரியும். நீர்மத்தின் வழியாக ஒலி தடையின்றிச் செல்வதால் அதற்குப் பின்னுள்ள பகுதி பளிச்சிடும். மிஸ்பாரை மெல்ல அழுத்தினால் உள்ளிருக்கும் சீழ் சுழல்வதைக் கண்ணாலேயே காணலாம்; விரல் தேடிய ததும்பல்தான் அது. டாப்ளர் முறையை இயக்கினால் இரத்த ஓட்டம் வண்ணமாகத் தெரியும். கீறவிருக்கும் இடம் புடைத்த இரத்தக் குழாயாக இருந்தால் அங்கேயே கை நின்றுவிடும். கழுத்து அறுபட்டு இறந்த அப்பெண்ணை இங்கே நாம் நினையாமல் இருக்க இயலவில்லை.

2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, செல்லுலைட்டிஸ் எனக் கருதப்பட்ட 126 பேரைப் பற்றியது. கருவி வைத்துப் பார்த்தபின் 71 பேருடைய சிகிச்சை முடிவு மாறியது. கீற வேண்டியதில்லை எனக் கருதப்பட்ட 82 பேரில் 33 பேருக்குக் கீற வேண்டியிருந்தது. கீற வேண்டும் எனக் கருதப்பட்ட 44 பேரில் 16 பேர் கத்தியிலிருந்து தப்பினர். தேர்ந்த மருத்துவர்களின் கண்ணும் கையும் இத்தனை தடவை பிழைத்திருக்கின்றன என்பதே இவ்வெண்களின் பொருள்.

கருவியும் பிழைக்கும். கூழாங்கல் காட்சி, இதயம் தளர்ந்து கால் வீங்கியவரிடமும் தோன்றும். அதை மட்டும் கண்டு தொற்று என முடிவு செய்யக் கூடாது. கட்டி கண்ணுக்கே தெளிவாகத் தெரியும்போது கருவி பெரிதாக எதையும் கூட்டிச் சொல்வதில்லை. ஐயம் உள்ள இடத்தில்தான் அதன் பயன் மிகுதி. எல்லாவற்றிலும் கொடிய தசையுறை அழுகல் நோயில், தசையுறையை ஒட்டிய நீரையும் திசுக்களில் புகுந்த வாயுவையும் அது காட்டக்கூடும். காட்டவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. அங்கே நோயாளியின் நிலை மோசமடைவதைக் கண்டும் படத்திற்காகக் காத்திருந்தால், தாமதமே உயிரைப் பறித்துவிடும்.

இல்லத்தைத் தேடுதல்

மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹ் பயின்ற எவரும் 'அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்' என்ற பாடத்தை மறந்திருக்க மாட்டார். ஒரு சட்டத்தின் காரணமான 'இல்லத்'தைக் கண்டறியும் வழிகளுள் அது ஒன்று. காரணமாக இருக்கத்தக்க தன்மைகள் அனைத்தையும் முதலில் வகுத்து வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருந்தாதவற்றைத் தள்ள வேண்டும். மது விலக்கப்பட்டது அதன் நிறத்தாலா, நீர்மத் தன்மையாலா, திராட்சையிலிருந்து பிறந்ததாலா, போதையாலா என்று கேட்டு, முதல் மூன்றையும் தள்ளிப் போதையில் வந்து நிற்பது நம் ஆசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. இமாம் கஸாலீ (ரஹ்) போன்றோர் விரித்துரைத்த இம்முறையின் பெயரில் உள்ள 'ஸப்ர்', காயத்தின் ஆழம் பார்க்கும் அதே ஸப்ர்தான். அரபியில் 'இல்லத்' என்றால் நோய் என்றும் பொருள்.

சிவந்து வீங்கிய காலின் முன் நிற்கும் மருத்துவர் செய்வதும் இதுவே. அழற்சியா, சீழா, நிணநீர்க் கணுவா, குழாய்ப் புடைப்பா என்று வகுக்கிறார். மிஸ்பாரை வைத்துச் சோதித்து ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். வகுக்கத் தெரியாதவரிடம் கருவி இருந்தும் பயனில்லை. தன் மனத்தில் இல்லாத ஒரு வாய்ப்பைத் திரையில் அவர் காண மாட்டார்.

இப்னுல் கய்யிம் (ரஹ்) (கி.பி. 1292-1350) தமது 'ஸாதுல் மஆத்' நூலில், கீறிக் குணப்படுத்தும் வீக்கங்களுக்கெனத் தனிப் பகுதி அமைத்துள்ளார். முதுகில் வீக்கம் கண்ட ஒருவருக்குச் சீழ் வைத்திருப்பதாகச் சொல்லப்பட்டதும், அதைக் கீறுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக அலீ (ரலி) வழியாக வரும் அறிவிப்பை அங்கே அவர் எடுத்துக்காட்டுகிறார். அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். சட்ட அறிஞர்கள் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது வேறொரு நபிமொழி. மருத்துவம் அறிந்தவர் என அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால், அவரே ஈடு செய்யப் பொறுப்பாளி என்னும் கருத்துடைய அந்நபிமொழி அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. இதை விளக்கும் இப்னுல் கய்யிம், தேர்ந்த மருத்துவர் கவனிக்க வேண்டிய இருபது செய்திகளைப் பட்டியலிடுகிறார். நோயின் வகையை அறிவதே அவற்றுள் முதலாவது.

நம் மேடைகளில் ஸஹ்ராவீயின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. இன்றைய அறுவைக் கருவிகள் யாவும் அவர் கண்டுபிடித்தவையே என்று சொல்லிக் கைதட்டல் பெறுவோரும் உண்டு. அவர் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. முன்னோரின் நூல்களை நெடுங்காலம் படித்ததாலும் தம் அனுபவத்தாலும் இக்கலையை அடைந்ததாகவே அவர் எழுதுகிறார். படிகத்தை அதிரச் செய்தவர்கள் பிரான்சிலும், எதிரொலியில் நீர்க்கட்டியைக் கண்டவர் கிளாஸ்கோவிலும் இருந்தார்கள். அவர்களுடைய உழைப்பை அவர்களுக்கே உரியதாக ஒப்புக்கொள்வதால் குர்துபாவின் பெருமை குறைந்துவிடாது.

நம் மாணவர்கள் அவரிடமிருந்து பெற வேண்டியது கழுத்தறுபட்ட அந்தப் பெண்ணின் செய்தியைத்தான். அவளைக் கொன்ற கையில் கத்தி இருந்தது, துணிவு இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி இல்லை. ஃபத்வா எழுதும் கைக்கும் இது பொருந்தும். ஒரு குடும்பத்தின் மணவிலக்கையோ ஒரு வணிகத்தின் ஆகுமையையோ முடிவு செய்ய அமரும் ஆலிம், கேள்வித்தாளின் மேல்வரியைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினால், அவர் கையிலிருப்பதும் ஆழம் பாராத கத்தியே. முதலில் வகுத்து, ஸப்ர் செய்து, பிறகே கீற வேண்டும். அதற்குரிய பணிவை அல்லாஹ் நமக்கும் நம் மாணவர்களுக்கும் அருள்வானாக.